ஜெல்கோட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் சேதம்: ஃபைபர் படகுக்குக் காப்பீட்டு இழப்பீடு கோருதல்

மரப்படகு பாறையில் மோதினால் பலகை பிளக்கும். இரும்புப் படகு மோதினால் தகடு நசுங்கும். நசுங்கியது நசுங்கியபடியே நிற்கும். ஃபைபர் படகு அப்படியல்ல. அடி விழும் கணத்தில் அதன் சுவர் உள்நோக்கி வளைந்து, மறுகணமே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. வெளியே நமக்குத் தெரிவது ஜெல்கோட் எனப்படும் மேற்பூச்சில் ஒரு மெல்லிய கீறலும் கொஞ்சம் சிராய்ப்பும் மட்டுமாக இருக்கலாம். உள்ளேயோ கண்ணாடியிழை அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். குறுக்குத் தடுப்புச் சுவரைப் படகின் உடலோடு பிணைத்திருந்த ஒட்டு விட்டுப்போயிருக்கலாம். நெடுக்குச் சட்டம் விரிசல் கண்டிருக்கலாம். வெளியில் தெரிவதும் உள்ளே நடந்ததும் ஒன்றாக இல்லாத இந்தத் தன்மையால்தான் ஃபைபர் படகுகளுக்கான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை சிக்கலில் மாட்டிக்கொள்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வேலையில் நெடுங்காலமாக இருந்து வருகிறேன். சேதமடைந்த படகோடு வரும் உரிமையாளர்களுக்கு மதிப்பீடு எழுதித் தருவதும், சேதத்தை ஆய்ந்து அறிக்கை எழுதும் சர்வேயர் வரும்போது உடன் நின்று படகைத் திறந்து காட்டுவதும் அந்த வேலையின் பகுதிகள். முறையாகக் கிடைத்திருக்க வேண்டிய பணம் கிடைக்காமல் போவதையும், பாதிப் பணத்தில் அரைகுறையாகச் சரிசெய்யப்பட்ட படகு மறுபடி கடலுக்குப் போவதையும் பார்த்து வருந்தியிருக்கிறேன். இரண்டாவது வகைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ஏனென்றால் அந்தப் படகில் ஆட்கள் ஏறிப் போகிறார்கள்.

எந்தக் கோரிக்கையும் இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும். சேதம் எதனால் ஏற்பட்டது என்பது முதலாவது. அது எதுவரை பரவியிருக்கிறது என்பது இரண்டாவது. உரிமையாளர்கள் இரண்டாவது கேள்வியிலும் அதற்கான பணத்திலும் மனத்தைச் செலுத்துகிறார்கள். காப்பீட்டு நிறுவனமோ முதல் கேள்வியில்தான் தொடங்குகிறது. முதல் கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால் இரண்டாவது கேள்விக்குப் போகவேண்டிய தேவையே அதற்கு இல்லை.

கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் அடித்தளமாகப் பல நாடுகளில் விளங்குவது 1906ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம். அதன் 55ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இதுதான்: காப்பீடு செய்யப்பட்ட ஓர் ஆபத்து நேரடிக் காரணமாக அமைந்து விளைவித்த இழப்புக்குக் காப்பீட்டாளர் பொறுப்பு, பாலிசியில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய, சாதாரணத் தேய்மானத்துக்கும் பொருளின் இயல்பிலேயே உள்ள குறைக்கும் அவர் பொறுப்பல்ல. இன்றைய படகுப் பாலிசிகள் எந்த மொழியில், எந்த நடையில் எழுதப்பட்டிருந்தாலும் இந்தக் கோடு அவற்றில் எங்காவது ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மோதல், தரைதட்டுதல், புயல், தீ, மூழ்குதல், திருட்டு ஆகியவை ஒருபுறம். தேய்மானம், மெல்ல மெல்ல நிகழும் சிதைவு, பராமரிப்பின்மை, அடுக்கில் நீர் ஊறுவதால் வரும் ஆஸ்மாசிஸ் கொப்புளங்கள் ஆகியவை மறுபுறம். 'அனைத்து ஆபத்துகளுக்குமான' பாலிசி என்று பெயர் சூட்டப்பட்டிருந்தாலும் இந்த இரண்டாம் பட்டியல் அதில் விலக்காக இருக்கும். எனவே நிறுவனம் கேட்கும் கேள்வியின் உட்பொருள், இது ஒருநாள் நடந்த விபத்தா அல்லது நெடுநாளாக இருந்துவந்த நிலைமையா என்பதுதான்.

தயாரிப்பின்போதே மறைந்திருந்த குறைகள் தனி வகை. 1884ஆம் ஆண்டு இஞ்ச்மேரீ என்ற நீராவிக் கப்பலில் கொதிகலனுக்கு நீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது, திறந்திருக்க வேண்டிய வால்வு ஒன்று மூடியிருந்ததால் பம்பின் காற்றறை வெடித்துப் பிளந்தது. அது கடலுக்கே உரிய ஆபத்து அல்ல என்று 1887இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதற்குப் பின்னர் அந்தக் கப்பலின் பெயராலேயே ஒரு விதி காப்பீட்டு ஒப்பந்தங்களில் சேர்ந்தது. மறைந்திருந்த குறையால் விளைந்த சேதத்துக்கு ஈடு உண்டு, ஆனால் குறையுள்ள அந்தப் பாகத்தை மாற்றும் செலவுக்கு ஈடு கிடையாது என்ற பிரிவினை அந்த வழியில் வந்தது. ஃபைபர் படகுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கட்டியபோதே இழைகளைப் பிணைக்கும் பிசினான ரெசின் சரியாக ஊறாமல் விடுபட்ட ஓர் இடம் கடலில் பிளந்து, நீர் புகுந்து, எஞ்சின் கெட்டுப்போகிறது. எஞ்சினுக்கு ஈடு கிடைக்கக்கூடும். ஊறாத அந்த அடுக்கைப் புதிதாகப் போடும் செலவு நம்முடையதாகவே நிற்கக்கூடும். பாலிசியில் இந்த விதி இருக்கிறதா, எந்த வடிவில் இருக்கிறது என்பதைச் சேதம் வருவதற்கு முன்பே படித்து வைத்திருப்பது நல்லது.

இனி, விபத்து நடந்த உடனே செய்ய வேண்டியவை. உயிர்களைக் காப்பது எல்லாவற்றுக்கும் முந்தியது. அதைப் பற்றி விவாதமே இல்லை. அடுத்ததாக, சேதம் மேலும் பெருகாமல் தடுக்கும் கடமை உரிமையாளருக்கு உண்டு. நீரை இறைப்பது, ஓட்டையைத் தற்காலிகமாக அடைப்பது, படகைப் பாதுகாப்பான இடத்துக்கு இழுத்துவருவது, மூழ்கிய எஞ்சினை நன்னீரால் கழுவி எண்ணெயிட்டுத் துருவிலிருந்து காப்பது ஆகியவை அந்தக் கடமையில் அடங்கும். இதற்காகச் செய்யும் நியாயமான செலவைத் திரும்பப் பெறும் உரிமையை மேற்சொன்ன சட்டத்தின் 78ஆம் பிரிவு பேசுகிறது. பெரும்பாலான பாலிசிகளும் அதைத் தனி விதியாகவே வைத்திருக்கின்றன. ஆகவே பம்பு வாடகை முதல் தார்ப்பாய் விலை வரை எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வைக்க வேண்டும். 'காப்பீடுதான் இருக்கிறதே, அவர்கள் வந்து பார்க்கட்டும்' என்று மூழ்கிய எஞ்சினை அப்படியே விட்டுவிட்டால், பின்னர் வந்த துருவின் பங்குக்குப் பணம் மறுக்கப்படும்; அந்த மறுப்பில் நியாயமும் இருக்கும்.

உதவிக்கு வரும் படகோடு என்ன பேசுகிறோம் என்பதும் முக்கியம். வெறுமனே இழுத்துச் செல்வதற்கும், ஆபத்திலிருக்கும் படகை மீட்பதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. மீட்பு என்றாகிவிட்டால், 1989ஆம் ஆண்டின் பன்னாட்டு மீட்பு உடன்படிக்கையின் வழியில், மீட்கப்பட்ட படகின் மதிப்பையும் ஆபத்தின் அளவையும் மீட்பவரின் திறமையையும் பொறுத்து வெகுமதி கணக்கிடப்படும். உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, இழுப்பதற்கான கூலியை முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்வது நல்லது. நேரமிருந்தால் அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்துப் பேசிவிடலாம். இன்னொரு படகோடு மோதியிருந்தால், தவறு யாருடையது என்பதைப் பற்றி எழுத்திலோ பேச்சிலோ எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அவருடைய படகின் பெயர், பதிவு எண், காப்பீட்டு விவரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு நம்முடையவற்றைக் கொடுத்தால் போதும்.

இதற்கிடையில் செய்யவே கூடாத ஒன்று உண்டு. சர்வேயர் பார்ப்பதற்கு முன்னால் சேதமான இடத்தைக் கிரைண்டர் கொண்டு தேய்க்கவோ, அதன்மேல் ரெசினும் கண்ணாடியிழை விரிப்பும் போட்டு மூடவோ கூடாது. உரிமையாளர்கள் நல்லெண்ணத்தோடுதான் அதைச் செய்கிறார்கள். சீசன் நடுவில் படகு கரையில் கிடந்தால் வருமானம் போகும் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் கிரைண்டர் ஓடிய இடத்தில் விரிசலின் வடிவம், அதன் ஓரம், உள்ளே படிந்திருந்த அழுக்கு, மோதிய பொருளின் நிறம் எல்லாமே தூசியாகப் பறந்துவிடுகின்றன. எதனால் ஏற்பட்டது என்ற முதல் கேள்விக்கான சாட்சி அந்தச் சில மில்லிமீட்டர் பரப்புதான். வெட்டியே ஆகவேண்டிய நிலை வந்தால், வெட்டி எடுத்த துண்டைத் தேதியும் இடமும் குறித்து உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

விரிசல்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு அவை நிறையச் சொல்லும். ஜெல்கோட் என்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள, இழையில்லாத ரெசின் பூச்சு. அடியில் இருக்கும் இழை அடுக்கைவிட அது எளிதில் உடையக்கூடியது. ஆகவே அடுக்கு வளைந்ததன் வரலாறு ஜெல்கோட்டில்தான் முதலில் பதிவாகிறது. வெளியிலிருந்து நேராக அடி விழுந்தால் பொதுவாக அடிபட்ட இடத்தைச் சுற்றி வளையம் வளையமாக விரிசல் தோன்றும். உள்ளிருந்து ஒன்று குத்தித் தள்ளியிருந்தால் நடுப்புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கோடுகள் சிலந்திவலைபோல ஓடும். குறுக்குத் தடுப்பு போன்ற விறைப்பான ஒரு பாகத்தை ஒட்டி இணைகோடுகளாக விரிசல்கள் வந்திருந்தால், சுவர் அந்த இடத்தில் திரும்பத் திரும்ப வளைந்திருக்கிறது என்று பொருள். ஒரே அடியால் வந்ததா, பல ஆண்டு அசைவால் வந்ததா என்ற கேள்வி இந்த மூன்றாவது வகையில்தான் கடுமையாக எழும். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டதாலோ, ஜெல்கோட் அளவுக்கு மீறிக் கனமாக இருந்ததாலோ பரவலாக வரும் நுண்விரிசல்களை விபத்தின் கணக்கில் சேர்க்க முயல வேண்டாம். அனுபவமுள்ள சர்வேயர் ஒரு பார்வையில் அதைப் பிரித்துவிடுவார், அதன்பிறகு நாம் சொல்லும் மற்றவற்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

விரிசலின் வயதையும் ஓரளவு கணிக்கலாம். புதிய முறிவில் ஓரங்கள் கூர்மையாகவும் இழைகள் வெண்மையாகவும் சுத்தமாகவும் இருக்கும். பழைய முறிவில் அழுக்கும் பாசியும் ஏறியிருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும், பக்கத்தில் போல்ட் இருந்தால் துருக்கறை வழிந்திருக்கும். படகின் உட்புறம் வண்ணம் பூசப்படாமல் இருந்தால், அடிபட்ட இடத்துக்கு நேர் உள்ளே அடுக்கு வெளுத்து ஒரு திட்டாகத் தெரியும். ரெசின் இழையைவிட்டு விலகியதன் அடையாளம் அது. அந்த வெள்ளைத் திட்டைப் படம் எடுக்க உரிமையாளர்களில் பலருக்குத் தோன்றுவதில்லை. வெளிப்புறத்தைப் பல கோணங்களில் எடுத்துவிட்டு, உட்புறத்தில் ஒன்றுகூட எடுக்காமல் வந்து நிற்பார்கள்.

படங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் முழுப் படகும் தெரியும் தூரத்தில் ஒன்று. பின்னர் எந்தப் பக்கம், எந்த இடம் என்பது புலப்படும்படி ஒன்று. அதன்பிறகு அருகில் ஓர் அளவுகோலை வைத்து ஒன்று. நேராக ஒளி பாய்ச்சினால் ஜெல்கோட்டில் எதுவுமே தெரியாது. விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், மேடும் பள்ளமும் விரிசலும் நிழலோடு எழுந்து வரும். படகைக் கழுவுவதற்கு முன்பே எடுங்கள். மோதிய படகின் வண்ணமோ, மரத்துறையின் தார்க்கறையோ ஒட்டியிருந்தால் அதுவே வலுவான ஆதாரம். ஜிபிஎஸ் கருவியில் பதிவான தடத்தை அழிந்துபோகும் முன் சேமித்துவையுங்கள். அன்றைய வானிலை அறிக்கை, கூட இருந்தவர்களின் வாக்குமூலம், பயணக் குறிப்பேடு ஆகியவற்றையும் அன்றைக்கே திரட்டிவிட வேண்டும். இவற்றோடு, படகைக் கரையேற்றும் ஒவ்வொரு முறையும் சேதமில்லாத நிலையிலேயே அடிப்பாகத்தைப் படமெடுத்து வைத்திருப்பவர் நல்ல நிலையில் இருக்கிறார். 'இது பழைய விரிசல்' என்ற வாதத்துக்கு, அதே இடம் வழுவழுப்பாக இருக்கும் சென்ற ஆண்டின் படத்தைவிடச் சிறந்த பதில் வேறில்லை.

நிறுவனத்துக்குத் தகவல் தெரிவிப்பதில் தாமதம் கூடாது. தாமதம் என்பது அவர்களுடைய சர்வேயர் நேரில் பார்க்கும் வாய்ப்பைப் பறிப்பது. பாலிசிகள் பலவற்றில் அதுவே மறுப்புக்குப் போதுமான காரணம். கோரிக்கைப் படிவத்தில் கண்டதை எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள். 'இரவில் கனமான ஒன்றில் படகு மோதியது, சத்தம் கேட்டது, சற்று நேரத்தில் முன்பகுதியில் நீர் ஏறியது' என்பது கண்டது. 'மிதந்துகொண்டிருந்த மரத்தில் மோதியது' என்பது, மரத்தைப் பார்க்காதவரை, ஊகம். பின்னர் அது மரமல்ல என்று சர்வேயர் கண்டால் நம் வார்த்தை பொய்யாகத் தெரியும். நாம் பொய் சொல்ல நினைத்திருக்கவே மாட்டோம்.

வேண்டுமென்றே சொல்லும் பொய்யைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். உண்மையான சேதத்தோடு பழைய சேதத்தையும் சேர்த்து எழுதலாமே என்ற ஆலோசனை படகுத்துறைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, மோசடியான கோரிக்கைக்குப் பணம் தரவேண்டிய பொறுப்பு காப்பீட்டாளருக்கு இல்லை. கொடுத்துவிட்டதையும் திரும்பக் கேட்கலாம். அதாவது, பெருக்கிச் சொன்ன பகுதியோடு உண்மையான பகுதியும் சேர்ந்து போய்விடும். கோரிக்கை உண்மையாக இருந்து, அதை விரைவாக முடிக்கத் தேவையில்லாத ஒரு பொய் சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010இல் டிசி மெர்வெஸ்டோன் என்ற சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் நீர் புகுந்தது. எச்சரிக்கை மணி ஒலித்தும் மாலுமிகள் பொருட்படுத்தவில்லை என்று கப்பல் தரப்பில் ஆதாரமின்றிச் சொல்லப்பட்டது. அந்தப் பொய்யால் கோரிக்கையின் தகுதி மாறவில்லை என்று கூறி நீதிமன்றம் உரிமையாளருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்தது 2016இல். வெற்றி பெற்றவர்களுக்கே ஆண்டுக்கணக்கில் வழக்கு. சிறிய படகின் உரிமையாளர் எவராலும் அதைத் தாங்க முடியாது.

சர்வேயர் வருகிறார். நிறுவனம் அனுப்பிய சர்வேயர் நம் எதிரி அல்லர். நம் ஆளும் அல்லர். காரணம், தன்மை, பரப்பு ஆகிய மூன்றையும் கண்டு எழுதுவது அவர் பணி. பணம் கொடுப்பதா இல்லையா என்ற முடிவு அவருடையதன்று. 'எவருடைய உரிமைகளுக்கும் பாதகமின்றி' என்ற தொடர் அவர் அறிக்கையில் இருப்பதன் காரணம் அதுதான். அவர் வரும்போது நாமோ, நம் சார்பில் தொழில் தெரிந்த ஒருவரோ கட்டாயம் உடனிருக்க வேண்டும். தரைப்பலகைகளை முன்பே கழற்றி வையுங்கள். அலமாரிகளைக் காலி செய்யுங்கள். உள்ளே கைவிளக்கோடு நுழைய வழி இருக்கட்டும். திறக்க முடியாத இடத்தை எந்தச் சர்வேயரும் 'பார்க்க இயலவில்லை' என்றுதான் எழுதுவார். பார்க்க இயலாததற்குப் பணம் வருவது கடினம். சேதம் பெரிதென்றால் நாமே ஒரு தனிச் சர்வேயரை அமர்த்திக்கொள்வது செலவுக்குத் தகுந்தது என்பதே என் அனுபவம்.

அவர் முதலில் செய்வது பிளாஸ்டிக் தலை கொண்ட சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போவது. நல்ல அடுக்கு கணீரென்று ஒலிக்கும். பிரிந்த அடுக்கு மொத்தையாக ஒலிக்கும். மண்பானையைத் தட்டி விரிசலைக் கண்டுபிடிப்பவருக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஒலி மாறும் எல்லையைச் சாக்குக்கட்டியால் கோடிட்டுக்கொண்டே போனால், சேதத்தின் உண்மையான பரப்பு சுவரில் வரைபடமாக எழும். அந்தக் கோட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் மதிப்பீட்டில் சர்ச்சை வந்தால் அதுதான் பேசும். அடுத்தது ஈரமானி. இந்தக் கருவியின்மேல் தேவைக்கு மீறிய நம்பிக்கை இரு தரப்பிலும் இருக்கிறது. அது காட்டும் எண், அடுக்கில் இத்தனை சதவீதம் நீர் இருக்கிறது என்ற அளவு அல்ல. ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிடுவதற்கான குறி மட்டுமே. மேற்பரப்பில் உப்போ ஈரமோ இருந்தாலும், தாமிரம் கலந்த அடிப்பூச்சு இருந்தாலும், உள்ளே உலோகத் தொட்டி இருந்தாலும் முள் எகிறும். படகைக் கரையேற்றிய அன்றே எடுத்த அளவை ஆதாரமாகக் காட்டி 'இது ஆஸ்மாசிஸ், விபத்து அல்ல' என்று சொல்லப்பட்டால், அடிப்பூச்சைச் சுரண்டி, உலரவிட்டு மறுபடி அளக்கும்படி எழுத்தில் கேட்கலாம். ஆஸ்மாசிஸுக்கு அதற்கே உரிய அடையாளங்கள் உண்டு: கொப்புளங்கள் நீருக்கடியில் இருக்கும் பகுதியில் பரவலாக இருக்கும், குத்தினால் காடி வாடையுள்ள புளித்த திரவம் வெளிவரும். ஒரு பக்கத்தில் ஒரு முழ அளவுக்குப் பிரிந்திருக்கும் அடுக்கில் இந்த அடையாளம் எதுவும் இல்லையென்றால், அதை ஆஸ்மாசிஸ் என்று அழைக்க அடிப்படை இல்லை.

இரண்டு மெல்லிய ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ நுரையோ வைத்துக் கட்டிய படகுகளில் அவசரம் இன்னும் கூடுதல். வெளித்தோலில் ஒரு விரிசல் போதும். நீர் நடு அடுக்குக்குள் போய்விடும். பால்சா அழுகக்கூடியது. சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் அழுகல்தான் கண்ணில் படுமே தவிர அன்றைய மோதல் தெரியாது. அழுகல் மெல்ல நிகழும் சிதைவு என்ற விலக்கில் விழுந்துவிடும். இத்தகைய படகில் சிறு விரிசலைக்கூட அற்பமென்று தள்ளாமல் அன்றே தகவல் கொடுத்து, நடு அடுக்கில் ஈரம் இருக்கிறதா என்று உட்புறமிருந்து சிறு துளையிட்டுப் பார்க்கும்படி கேட்க வேண்டும்.

தரைதட்டிய பாய்ப்படகுகளில் தேட வேண்டிய இடம் வேறு. அடியில் போல்ட்டால் பிணைத்த கனமான ஏராக்கட்டையின் முன்முனை பாறையில் மோதும்போது, அதன் பின்முனை நெம்புகோலாகி மேல்நோக்கிப் படகின் உடலுக்குள் அழுத்துகிறது. எனவே கட்டையின் முன்முனையில் ஒட்டு விரிந்திருப்பதைப் பார்த்ததோடு நிறுத்தாமல், பின்முனைக்கு மேலே உள்ளிருக்கும் குறுக்குச் சட்டங்களையும் ஒட்டுகளையும் பார்த்தே ஆகவேண்டும். எஞ்சின் தண்டின் நேர்கோடு, சுக்கான் தாங்கி ஆகியவற்றையும் அப்போதே சோதித்துவிடலாம்.

இப்போது பணக் கணக்கு. உரிமையாளர் ஓட்டையை அளக்கிறார். பட்டறை அளப்பது வேறு. பழைய அடுக்கோடு புதிய அடுக்கு உறுதியாகப் பிடிக்க வேண்டுமானால், ஓட்டையின் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். கனத்தைப்போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவு என்பது பரவலாக ஏற்கப்பட்ட விகிதம். சுவர் 6 மில்லிமீட்டர் கனம் என்றால் எல்லாப் பக்கமும் 72 மில்லிமீட்டர். ஆகவே 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட ஓட்டை 244 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேலையாகிறது. பரப்பில் ஏறக்குறைய ஆறு மடங்கு. சுருங்கிக் கடினமாகிவிட்ட பழைய பாலியெஸ்டர் ரெசினோடு புதிய ரெசின் வேதியியல் முறையில் கலந்துவிடாது. அது பற்றிக்கொள்வது தேய்த்த பரப்பில்தான். அதனால் இந்தச் சரிவைக் குறைத்து மலிவாகச் செய்யலாம் என்ற யோசனையை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அத்துடன், உட்புறமாக அணுகுவதற்குக் கழற்ற வேண்டிய கட்டில், தொட்டி, மின்கம்பி, அவற்றைத் திரும்பப் பொருத்தும் கூலி, ஈரம் உலரக் காத்திருக்கும் நாட்களின் இடவாடகை, மழையோ குளிரோ தாக்காமல் கூடாரம் போடும் செலவு ஆகிய ஒவ்வொன்றும் மதிப்பீட்டில் தனித்தனி வரியாக வர வேண்டும். 'ஃபைபர் வேலை' என்று ஒரே வரியில் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தால் அதைப் பாதியாக வெட்டுவது எவருக்கும் எளிது. பிரித்து எழுதினால், எந்த வரியை வெட்டுகிறார்கள், ஏன் வெட்டுகிறார்கள் என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்.

நிறப்பொருத்தம் முடிவில்லாத சண்டை. வெயிலில் மங்கிய ஜெல்கோட்டோடு புதிய ஜெல்கோட் அச்சாகப் பொருந்தாது. ஒரு பக்கம் முழுவதையும் வண்ணம் பூசித் தரவேண்டும் என்று உரிமையாளர் கேட்பார். அடிபட்ட திட்டுக்கு மட்டும் தருவோம் என்று நிறுவனம் சொல்லும். ஒரு கோடோ வளைவோ வந்து கண்ணைத் தானாக நிறுத்தும் இடம்வரை கலந்து பூசுவது என்பதில் பெரும்பாலும் உடன்பாடு ஏற்படுகிறது. பலத்துக்கான பணத்தில் உறுதியாக நின்றுகொண்டு, இதில் விட்டுக்கொடுக்கலாம்.

ஒப்புக்கொண்ட மதிப்புப் பாலிசியா, சந்தை மதிப்புப் பாலிசியா என்பது முழு இழப்பில்தான் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். முன்னதில் பாலிசியில் எழுதிய தொகை. பின்னதில் சேதத்துக்கு முந்தைய நாளில் படகு விற்றிருக்கக்கூடிய விலை. சிறு பழுதுகளில் எக்ஸஸ் எனப்படும், உரிமையாளரே ஏற்க வேண்டிய தொகை கழிக்கப்படும். பாய், கயிறு, வெளிப்பொருத்து எஞ்சின் போன்றவற்றுக்குப் பழசுக்குப் புதுசு கொடுப்பதற்கான கழிவும் பல பாலிசிகளில் உண்டு. பழுதுச் செலவு காப்பீட்டுத் தொகையைத் தாண்டிவிடும் நிலையில், படகை நிறுவனத்திடம் ஒப்படைத்து முழுத்தொகையைக் கேட்கும் வழி இருக்கிறது. சிதைந்த படகை நாமே வைத்துக்கொண்டு அதன் விலையைக் கழித்து வாங்குவதும் வழக்கம். அதற்குச் சம்மதிக்கும் முன், இறுகிய ஃபைபரை உருக்கி மறுபடி பயன்படுத்த முடியாது என்பதையும், கிழிந்த உடலை அப்புறப்படுத்தும் செலவு நம் தலையில் விழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் எந்த விதியின்கீழ் என்பதை எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டில் அடங்கும் ஆபத்தால் இழப்பு நேர்ந்தது என்று காட்டும் சுமை நம்முடையது. விலக்கு பொருந்தும் என்று காட்டும் சுமை பொதுவாக அவர்களுடையது. பழைய குறையும் புதிய விபத்தும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால், முழுவதையும் தள்ளிவிடாமல் புதிய பகுதியைப் பிரித்து மதிப்பிடும்படி கேட்பது நியாயமானது; சாக்குக்கட்டிக் கோடும் சென்ற ஆண்டுப் படமும் அங்கே கை கொடுக்கும். முறையீட்டுக்கும் வழக்குக்கும் காலவரம்பு உண்டு என்பதைக் கடிதப் போக்குவரத்தில் மறந்துவிடக் கூடாது.

பணம் ஒப்புக்கொள்ளப்பட்டு வேலை தொடங்கிய பிறகும் கோரிக்கை முடிந்துவிடுவதில்லை. ஃபைபர் படகைத் திறக்கத் திறக்கத்தான் சேதம் தெரியும். தடுப்புச் சுவரைப் பிணைத்த ஒட்டு அடுத்த அறைவரை விட்டிருப்பது, உள்கூட்டை வெட்டிய பிறகே கண்ணுக்கு வரும். அப்படி வந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, படமெடுத்து, சர்வேயரை மறுபடி அழைத்து, துணை மதிப்பீட்டுக்கு ஒப்புதல் வாங்கிய பின்னரே தொடர வேண்டும். முதல் தொகையோடு சேர்த்து அனுப்பப்படும் தீர்வுப் பத்திரத்தில் 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், படகு முழுவதுமாகத் திறக்கப்பட்டு, மறைவிடங்கள் சோதிக்கப்படும்வரை கையெழுத்திட வேண்டாம். இடைக்காலத் தொகை என்று குறிப்பிட்டு வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். உறுதியான சேதமுள்ள கோரிக்கைகளில் பல நிறுவனங்கள் அதற்கு இணங்குகின்றன. பழுது முடிந்ததும், எந்த ரெசின், எத்தனை அடுக்கு, எந்த வரிசையில் போடப்பட்டது என்ற குறிப்பையும், ஜெல்கோட் பூசி மூடுவதற்கு முன்பு எடுத்த படங்களையும் பட்டறையிடம் கேட்டு வாங்கிப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.